ட்ரெய்னரில் இருபது நிமிஷத்தில் சலிப்பு: திரையை மாற்றணுமா, அறையை மாற்றணுமா?

வேளச்சேரி_வாட்:

வடகிழக்குப் பருவமழை தொடங்கியாச்சு. டிசம்பர் முடியிற வரைக்கும் ஈசிஆரை நம்பி பயிற்சி அட்டவணை போட முடியாது. அதனால நேரா விஷயத்துக்கு வரேன். வீட்டுக்குள்ள ட்ரெய்னர்ல, அதாவது சைக்கிளை ஒரே இடத்துல நிறுத்தி மிதிக்க வைக்கிற தாங்கியில, மிதிக்கிறது சலிக்குதுன்னா அதுக்கு ஒரே வழி திரையில தெரியிற சாலையில போற மெய்நிகர் ஓட்டம்தான். சுவரைப் பார்த்து மிதிக்கிறவங்க மூணு வாரத்துல ட்ரெய்னரை மடிச்சுக் கட்டிலுக்கு அடியில தள்ளிடுவாங்க. இதுக்கான செயலிகள்ல ஸ்விஃப்ட், ரூவி ரெண்டுக்கும் மாசக் கட்டணம் உண்டு, மைவூஷ் இலவசம். முன்னாடி ஒருத்தர் ஓடினா அவரைப் பிடிக்கணும்னு கால் தானா வேகம் எடுக்கும்.

சைக்கிள் பந்தய வீரர் மாத்யூ ஹேமனை எடுத்துக்கோங்க. 2016 பிப்ரவரியில ஒரு பந்தயத்துல கை உடைஞ்சுது. அதுக்கப்புறம் பெரும்பாலான பயிற்சி வீட்டு கராஜ்ல, ஸ்விஃப்ட் முன்னாடிதான். ஏப்ரல் 10 அன்னிக்கு பாரிஸ்-ரூபே சைக்கிள் பந்தயத்தை ஜெயிச்சார். 2020ல உலக சைக்கிள் சங்கமான யூசிஐ முதல் இ-ஸ்போர்ட்ஸ் உலக சாம்பியன்ஷிப் நடத்தினப்போ ஆண்கள் பிரிவுல ஜெயிச்ச ஜேசன் ஆஸ்போர்ன் அடிப்படையில துடுப்புப் படகு வீரர். திரைக்கு முன்னாடி மிதிச்சே இந்த உயரத்துக்குப் போகலாம். மாற்றுக் கருத்து இருந்தா கணக்கோட வைங்க.

அடையாறு_கிராங்க்:

கணக்கோடவே வைக்கிறேன் சார். ஹேமன் மிதித்தது சென்னையில் இல்லை. இங்கே இருபதாவது நிமிஷத்தில் வருவதைச் சலிப்பு என்கிறோம். அதில் பாதிக்கு மேல் சூடு.

மிதிக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் 20 முதல் 25 சதவீதம்தான் பெடலுக்குப் போகிறது. 180 வாட்டில் ஓட்டுபவர் மொத்தம் சுமார் 800 வாட் செலவழிக்கிறார். 600க்கும் மேலே வெப்பமாக உடம்பிலேயே நிற்கிறது, ஒரு அயர்ன் பாக்ஸ் அளவுக்கு. அதை வெளியேற்ற மணிக்கு ஏறக்குறைய 900 மி.லி. வியர்வை ஆவியாக வேண்டும். ஆவியாக வேண்டும் என்பதுதான் முக்கியம். தரை விரிப்பில் சொட்டுகிற வியர்வை குளிர்ச்சி தராது, தண்ணீர் நஷ்டம் மட்டும்தான். ரோட்டில் 28 கி.மீ. வேகத்தில் போனால் அந்தக் காற்றே ஆவியாக்கிவிடும். அறையில் அந்தக் காற்று இல்லை, காற்றின் ஈரப்பதமோ 80ஐத் தொடுகிறது. அதே வாட்டுக்கு இதயத் துடிப்பு மெல்ல மெல்ல ஏறும். மூளை "போதும், இறங்கு" என்று சொல்லும். அதைத்தான் நாம் சலிப்பு என்று பெயர் வைத்துத் திரையை மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

செய்ய வேண்டியது: சீலிங் ஃபேனை நம்ப வேண்டாம், அது தலைக்கும் முதுகுக்கும் மட்டும். 400 மி.மீ. பெடஸ்டல் ஃபேன் ஒன்று முன்னால், ஹேண்டில்பாரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, நெஞ்சு உயரத்தில். இரண்டாவது ஃபேன் பின்பக்கம் சாய்வாக, இடுப்பைப் பார்த்து. தலையாட்டுவதை நிறுத்தி ஒரே திசையில் வையுங்கள். கல்யாண மண்டபத்தில் சுழலும் பெரிய ஃபராட்டா ஃபேன் ஒன்று கிடைத்தால் இரண்டுக்கும் பதில் அதுவே போதும், சத்தம்தான் தொந்தரவு. ஃபேனை முதல் நிமிஷத்திலேயே போடுங்கள். உடம்பு சூடேறிய பிறகு போட்டால் இறக்குவது கஷ்டம்.

வேளச்சேரி_வாட்:

ஏசி அறையில போட்டா தீர்ந்துச்சே சார். ஒரு டன் ஏசின்னா 3.5 கிலோவாட் வெப்பத்தை இழுக்கும். நீங்க சொன்ன 600 வாட் அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. ஈரப்பதமும் குறையும்.

அடையாறு_கிராங்க்:

ஈரப்பதம் குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏசி போட்டாலும் ஃபேன் வேண்டும். சுவரில் இருக்கும் யூனிட்டின் காற்று உடம்பின் மேல் வேகமாக ஓடாது, தோலை ஒட்டிய ஈரக் காற்று அங்கேயே நிற்கும். பத்துக்குப் பத்து அறையைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் மூச்சு வாங்க மிதித்தால் கார்பன் டை ஆக்சைடும் ஏறும், தலை கனக்கும். அரை மணி முன்பே 26ல் போட்டு அறையைக் காய வைத்துவிட்டு, ஓட்டும்போது கதவை நாலு விரல் திறந்து வையுங்கள்.

மயிலை_கேடன்ஸ்:

ரெண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுட்டீங்க. சலிப்புக்குப் பெரிய காரணம் ஸ்மார்ட் ட்ரெய்னர்ல இருக்கிற எர்க் மோடு. மெஷினே வாட்டைப் பிடிச்சு வச்சுக்குது, கியர் மாத்த வேண்டாம், யோசிக்க வேண்டாம். கைக்கும் தலைக்கும் வேலையே இல்லாதப்போ கண்ணு கடிகாரத்தைத் தவிர எங்க போகும்?

கொஞ்சம் களைச்சு கேடன்ஸ், அதாவது நிமிஷத்துக்கு எத்தனை சுத்து மிதிக்கிறோம்ங்கிற எண்ணிக்கை, 60க்குக் கீழ போனா இன்னொரு சங்கடம். வாட் குறையக் கூடாதுன்னு மெஷின் இறுக்கும், இறுக்கினா கேடன்ஸ் இன்னும் விழும், கடைசில பெடல் சுவர் மாதிரி நிக்கும். அப்போ முட்டியால முட்டி மோதாதீங்க. எர்க்கை அணைச்சு, லேசான கியருக்கு வந்து, 90ஐப் பிடிச்ச பிறகு திரும்பப் போடுங்க. அடுத்த சுற்று தொடங்க அஞ்சு வினாடி இருக்கும்போதே கேடன்ஸை ஒரு பத்து ஏத்தி வச்சுக்கிட்டா இது வரவே வராது.

என் பரிந்துரை: எர்க்கை அணைச்சுட்டு 60 நிமிஷத்தை நீங்களே துண்டு போடுங்க. 10 நிமிஷம் வார்ம்அப். அப்புறம் எஃப்டிபியில (சுமார் ஒரு மணி நேரம் தாக்குப் பிடிக்கிற அதிகபட்ச வாட்) 88 முதல் 92 சதவீதத்துல 8 நிமிஷம், நாலு தடவை, நடுவுல 4 நிமிஷம் இளைப்பாறல். கடைசி 6 நிமிஷம் லேசா. அந்த 8 நிமிஷத்துக்குள்ள ரெண்டு ரெண்டு நிமிஷமா கேடன்ஸ் 70, 85, 95, கடைசி ரெண்டு எழுந்து நின்னு. வாட் மாறக் கூடாது, கியர் மட்டும் மாறணும். இதைச் சரியா செய்யவே முழுக் கவனம் வேணும். மெட்ரோனோம் செயலி ஒண்ணு போதும், படம் வேண்டாம்.

பெரம்பூர்_ரோலர்:

கவனம்தான் வேணும்னா ரோலர் வாங்குங்க. மூணு உருளை, ஒரு பெல்ட், அது மேல சைக்கிளைப் பூட்டாம வச்சு ஓட்டணும், மின்சாரம் வேண்டாம், செயலி வேண்டாம். கவனம் ஒரு நொடி போனா சைக்கிள் ஓரத்துக்குப் போகும். சலிக்க நேரமே கிடையாது. மழை நாள்ல கரண்ட் போனா ஸ்மார்ட் ட்ரெய்னரும் போச்சு, வைஃபையும் போச்சு, ரோலர் ஓடிக்கிட்டே இருக்கும்.

முதல் வாரம் கதவு நிலைக்குள்ள போட்டு ஓட்டுங்க, ரெண்டு பக்கமும் தோள் சாயச் சட்டம் இருக்கும். முன் உருளையோட அச்சு, முன்சக்கர அச்சுக்கு நேர் கீழேயோ ஒரு விரல் முன்னாலயோ இருக்கணும். பின்னால தள்ளி இருந்தா சக்கரம் உருளையைத் தாண்டி முன்னாடி இறங்கப் பார்க்கும். எல்லாரும் செய்யிற தப்பு, குனிஞ்சு முன்சக்கரத்தையே பார்க்கிறது. மூணு மீட்டர் முன்னாடி ஒரு புள்ளியைப் பாருங்க. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிச்சா நடுக்கம் அதிகமாகும். கேடன்ஸ் 80க்கு மேல இருந்தா சைக்கிள் தானா நேரா நிக்கும். நிறுத்தும்போது பிரேக் பிடிக்காதீங்க. மிதிச்சுக்கிட்டே வேகத்தைக் குறைச்சு, நிலையில கை வச்சு, அப்புறம் காலைக் கழட்டுங்க.

மயிலை_கேடன்ஸ்:

ரோலர் மிதிக்கிற அழகைக் கத்துக்கொடுக்கும், சரி. ஆனா கடுமையான இன்டர்வல், அதாவது அழுத்தமும் இளைப்பாறலும் மாறி மாறி வர்ற பயிற்சி, அதுல எப்படிப் போடுவீங்க? பெரும்பாலான சாதாரண ரோலர்ல எதிர்ப்பே குறைவு. எஃப்டிபியில 130 சதவீதத்துல எழுந்து அழுத்தினா சைக்கிள் துள்ளும்.

நார்வேல பென்ட் ரோன்னெஸ்டாட் குழு ஆராய்ந்த 30-15ஐப் பாருங்க. 30 வினாடி அழுத்தம், 15 வினாடி அதுல பாதி வாட், இப்படி 13 தடவை. ஒரு தொகுதி ஒன்பதரை நிமிஷம். 3 நிமிஷம் இளைப்பாறி மொத்தம் மூணு தொகுதி. கடிகாரத்தைப் பார்த்துச் சலிச்சுக்க இடமே இல்லாத பயிற்சி இதுதான். புதுசா தொடங்குறவங்க ஒரு தொகுதியில 8 தடவையோட நிறுத்துங்க. இதையும் எர்க்ல போடாதீங்க. வாட்டை மாத்த மெஷினுக்குச் சில வினாடி பிடிக்கும், 15 வினாடி இளைப்பாறல்ல பாதி அதுலயே போயிடும். எதிர்ப்பை நிலையா வச்சு, பின்பக்கக் கியரை மூணு படி இறக்கி ஏத்தி ஓட்டுங்க.

தாம்பரம்_டெம்போ:

வாரத்துக்கு ரெண்டு நாள் 30-15 போடலாம் அக்கா. மிச்ச நாள் ஜோன் 2 தானே? எஃப்டிபியில 56 முதல் 75 சதவீதம், ஒன்றரை மணி நேரம். மெட்ரோனோமும் கியர் கணக்கும் அங்க உதவாது, சலிப்பு உண்மையிலேயே அங்கதான் இருக்கு.

அதுக்கு கிரிக்கெட் இருக்கு. ஐபிஎல்ல ஒரு இன்னிங்ஸ் சுமார் ஒன்றரை மணி நேரம், அளவெடுத்த மாதிரி. ஒற்றைப்படை ஓவர்ல ஜோன் 2வோட மேல் எல்லை, இரட்டைப்படைல கீழ் எல்லை. பவுண்டரி விழுந்தா 20 பெடல் எழுந்து நிக்கணும். விக்கெட் விழுந்தா கேடன்ஸ் 110, பத்து வினாடி. ஸ்ட்ரேடஜிக் டைம்அவுட் இரண்டரை நிமிஷம், அப்போ தண்ணி குடிக்கணும், கைய உதறணும். சேப்பாக்கத்துல மேட்ச் நடக்கிற ராத்திரி இதைச் செஞ்சா ஒன்றரை மணி நேரம் போறதே தெரியாது. சீசன் இல்லாத மாசத்துல பழைய மேட்ச் போதும்.

மயிலை_கேடன்ஸ்:

யோசனை அழகா இருக்கு தம்பி, ஆனா ஸ்பின்னர் ஓவர் சீக்கிரம் முடியும், ரிவ்யூ வந்தா ஒரு ஓவர் ஆறு நிமிஷம் இழுக்கும். பயிற்சி அளவு மேட்ச் கையில போயிடுது.

தாம்பரம்_டெம்போ:

ஜோன் 2 எல்லைக்குள்ளேயேதானே ஏறி இறங்குறோம்? ஓவர் நீண்டாலும் உடம்புக்குப் பெரிய வித்தியாசம் வராது. 30-15ஐ ஓவர் கணக்குல போடுங்கன்னு நான் சொல்லல.

மயிலை_கேடன்ஸ்:

அப்போ சரி, ஏத்துக்கிறேன்.

அடையாறு_கிராங்க்:

இன்னொன்றும் சலிப்பு வேஷத்தில் வரும்: சேடில் வலி. ரோட்டில் சைக்கிள் இடமும் வலமும் ஆடும். ட்ரெய்னரில் இறுக்கிப் பூட்டியிருப்பதால் உட்காரும் எலும்பில் ஒரே இடத்தில் அழுத்தம். எட்டு நிமிஷத்துக்கு ஒருமுறை கனமான கியரில் 30 வினாடி எழுந்து நில்லுங்கள். சக்கரம் அழுத்தும் வகை ட்ரெய்னர் பின்சக்கரத்தைத் தூக்கிவிடும், அதனால் முன்சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து ரசமட்டம் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உடம்பு முன்னால் சரிந்து கையும் மரத்துப்போகும்.

ட்ரெய்னருக்கு அடியில் வைக்கும் ஆடும் பலகை செய்வதும் கஷ்டமில்லை. 18 மி.மீ. ப்ளைவுட் இரண்டு, நாலரை அடி நீளத்தில். நடுவில் நீளவாக்கில் 20 மி.மீ. கம்பி, இரண்டு பில்லோ பிளாக் பேரிங்கில். இரு ஓரத்திலும் இரண்டிரண்டாக நாலு டென்னிஸ் பந்து. பந்து உட்கார இரு பலகையிலும் 5 செ.மீ. துளை. ஒவ்வொரு பக்கமும் ஒரு செ.மீ.க்குச் சற்று அதிகமாகப் பந்து இறங்கி, நடுவே நாலரை செ.மீ. இடைவெளி நிற்கும். அச்சை அதைவிட ஓரிரு மி.மீ. தாழ்த்தி வைத்தால் பந்து அழுந்தி, ஆட்டம் கட்டுக்குள் இருக்கும். தளர்வாகத் தெரிந்தால் பந்துகளை இன்னும் ஓரத்துக்கு நகர்த்துங்கள். முன்சக்கரமும் அதே மேல்பலகையில் இருக்க வேண்டும். தரையில் விட்டால் பின்பக்கம் ஆடும்போது ஹேண்டில்பார் முறுக்கிக்கொள்ளும்.

பெரம்பூர்_ரோலர்:

கீழ் வீட்டுக்காரங்களையும் நினைச்சுக்கோங்க. காதுக்குக் கேக்கிற சத்தத்தைவிட தரை வழியா இறங்குற அதிர்வுதான் சண்டைக்குக் காரணம். கால்களுக்கு அடியில கனமான ரப்பர் துண்டு, அதுக்குக் கீழ ஈவிஏ மேட். பந்து வச்ச பலகையும் அதிர்வைக் கொஞ்சம் குடிக்கும்.

வேளச்சேரி_வாட்:

சூடு விஷயத்துல பாதி இறங்கி வரேன். தண்ணி கணக்கும் சொல்லிடுங்க, இளநீர் போதுமா?

அடையாறு_கிராங்க்:

இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் பொட்டாசியத்தைவிட சோடியம்தான் மிக அதிகமாகப் போகிறது. ஒரு லிட்டர் நீர்மோரில் அரை டீஸ்பூன் உப்பு சரியாக இருக்கும். உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்தால் அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அளவு தெரிய, ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் உடம்பைத் துடைத்து எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர், அதோடு குடித்ததையும் கூட்டுங்கள். உப்பு சைக்கிளையும் அரிக்கும். மேல் ட்யூபில் துண்டு போடுங்கள், ஓட்டி முடித்ததும் ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம் போல்ட்டை ஈரத் துணியால் துடையுங்கள்.

வேளச்சேரி_வாட்:

சரி, சோதிச்சே பார்த்துடலாம். ஒரு நாள் ரெண்டு ஃபேன், திரை இல்லாம. இன்னொரு நாள் திரை, சீலிங் ஃபேன் மட்டும். அதே அறை, அதே காலை மணி, எஃப்டிபியில 70 சதவீதம், 60 நிமிஷம். 15லேருந்து 30 வரைக்கும் சராசரி இதயத் துடிப்பு, 45லேருந்து 60 வரைக்கும் சராசரி, ரெண்டுக்கும் வித்தியாசத்தை எல்லாரும் இங்க போடுங்க. எத்தனாவது நிமிஷத்துல முதல்முறையா கடிகாரத்தைப் பார்த்தீங்கன்னும் எழுதுங்க.

மயிலை_கேடன்ஸ்:

நல்லது. நடுவுல ரெண்டு நாள் இடைவெளி விடுங்க. ஃபேன் இல்லாத நாள்ல தலை சுத்தினா, உடம்பு சிலிர்த்தா உடனே நிறுத்துங்க, கணக்கு பாதியில போனாலும் பரவாயில்ல. வாட் எர்க்லயே இருக்கட்டும், இந்த ஒரு வேலைக்கு அது சரிதான்.

பெரம்பூர்_ரோலர்:

சக்கரம் அழுத்துற ட்ரெய்னர் வச்சிருக்கிறவங்க ரெண்டு நாளும் பின் டயர்ல ஒரே பிஎஸ்ஐ வைங்க, டயரை அழுத்துற குமிழையும் டயர் தொட்ட பிறகு அதே எண்ணிக்கை சுத்துங்க. பத்து நிமிஷம் மிதிச்சு டயர் சூடான பிறகுதான் ஸ்பின்டவுன், அதாவது ட்ரெய்னரோட வாட் அளவைச் சரிபண்ற சோதனை. குளிர்ந்த டயர்ல செஞ்சா 180ன்னு காட்டுறது நிஜத்துல வேற எண்ணா இருக்கும், அப்புறம் ரெண்டு நாளையும் ஒப்பிடவே முடியாது.