பழைய ஸ்டீல் ஸ்கூபா டேங்க் இரண்டு, 500 வெள்ளி: வாங்கலாமா?

ஈசூன்வாசி:
கரோசல் விற்பனைச் செயலியில் ஒருவர், கடலுக்கடியில் மூச்சுவிட உதவும் 100 கன அடி ஹை பிரஷர் ஸ்டீல் டேங்க் இரண்டு விற்கிறார். கழுத்தில் 3442 என்று அடித்திருக்கிறது. கடைசி ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) 2014. வெளியே கால்வனைஸ் பூச்சு பளபளவென்று இருக்கிறது. நான் மாதம் ஒருமுறை டைவ் அடிக்கப் புலாவ் ஹந்து தீவுக்குப் போவேன், வருடத்துக்கு இரண்டு தடவை மலேசியாவின் தியோமான். வாங்கலாமா?

குமிழி:
யோசிக்கவே வேண்டாம், வாங்குங்க. வழக்கமான 80 கன அடி அலுமினிய டேங்க் காலியாகும்போது கிட்டத்தட்ட 2 கிலோ மேலே தூக்கும். காற்றழுத்தம் கடைசி 50 பாருக்கு வந்து, 5 மீட்டர் ஆழத்தில் நிற்கும்போது பின்பக்கம் கிளம்புமே, அந்தத் தொல்லை ஸ்டீலில் இல்லை. நான் மூழ்குவதற்காகக் கட்டும் இடுப்பு பெல்ட்டிலிருந்து ஈயத்தையே குறைத்துவிட்டேன்.

பாறைமீன்:
காலியானாலும் மூழ்கும் என்பதுதான் எனக்குப் பயம். நம் கடல் வெதுவெதுப்பான கடல். பாதிப் பேர் மெல்லிய உடையோடு இறங்குகிறோம், அதற்கு மிதப்பே கிடையாது. நிரம்பிய டேங்கில் காற்று மட்டும் 3 கிலோவுக்கு மேல். பிசிடி என்கிற மிதவைச் சட்டையின் காற்றுப் பை கிழிந்தால் ஈயத்தைக் கழற்றிப் போடலாம், முதுகில் இருப்பதை எங்கே போடுவீங்க? 7 மி.மீ. உடை போடும் குளிர்நாட்டுக்காரர்களுக்கு ஸ்டீல் சரி.

அப்புறம் அழுத்தம். 3442 பிஎஸ்ஐ என்றால் 237 பார். அலுமினியத்துக்கே பழகிய, காற்று நிரப்பும் கடையில் 200 பாரோடு நிறுத்திவிட்டால் உங்கள் 100 கன அடி சுமார் 85 ஆகிவிடும். அதே 200 பாரில் அலுமினியம் 75. பத்து கன அடிக்கா இவ்வளவு பாடு?

குமிழி:
அந்தப் பத்து கன அடிதான் எனக்கு ஹந்துவில் கூடுதலாகச் சில நிமிடம் தருகிறது அண்ணே. நுடிபிராங்க் என்கிற கடல் நத்தையைத் தேடுபவனுக்குத் தெரியும் அதன் அருமை.

பாறைமீன்:
படகுக்காரர் டேங்கைக் கட்டணத்திலேயே சேர்த்துத் தருகிறார் தம்பி. சொந்த டேங்கைத் தியோமானுக்குப் படகேறும் மெர்சிங் வரை காரில் தூக்கிப்போய் யாருக்கு என்ன லாபம்?

பழைய கம்ப்ரசர்:
இரண்டு பேரும் தண்ணீருக்குள்ளேயே சண்டை போடுகிறீர்கள். அந்த டேங்கைத் திறந்து பார்த்தீர்களா?

அமெரிக்க முத்திரை டேங்குக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை ஹைட்ரோ. 2014 என்றால் எப்போதோ காலாவதி. தண்ணீர் நிரப்பி அழுத்தும்போது டேங்க் கொஞ்சம் விரியும், அழுத்தம் எடுத்ததும் சுருங்க வேண்டும். மொத்த விரிவில் 10 சதவீதத்துக்கு மேல் திரும்பாமல் நின்றால் அது பழைய இரும்பு. அந்த டெஸ்ட் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்க.

கால்வனைஸ் வெளியே மட்டும்தான். உள்ளே வெறும் இரும்பு. டேங்க் சுத்தமாகக் காலியாகிற வரை இழுத்தால் கடல் தண்ணீர் கொஞ்சம் உள்ளே போகும். அப்புறம் உப்பும் அழுத்தமான காற்றும் சேர்ந்து அரித்துவிடும். துரு ஆக்ஸிஜனையும் தின்னும். அதனால் பல வருடம் கிடந்த டேங்கிலிருக்கும் காற்றில் ஒரு மூச்சுகூட எடுக்காதீர்கள்.

காலி என்று கேஜ் காட்டினாலும் வால்வை நீங்களாகக் கழற்ற வேண்டாம், கடைக்காரர் கழற்றட்டும். விளக்கு விட்டுப் பாருங்க: பழுப்புப் பொடி என்றால் தேய்த்து எடுக்கலாம், குழி என்றால் விடுங்க. அப்புறம் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் உறையை உருவுங்க. உப்புத் தண்ணீர் அங்கேதான் ஒளிந்துகொள்ளும்.

(3500 என்று அடித்திருந்தால் வேறு கதை. பழைய சிலவற்றில் கழுத்து 7/8 அங்குல திருகு மரை, அதற்கேற்ற வால்வு தேடிப் பாருங்க, அழுதுவிடுவீங்க.)

ஈசூன்வாசி:
நேற்று போய் வந்தேன். விற்பவர் அடி உறையைக் கழற்ற வேண்டாம் என்றார், ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். சரி என்று வெந்நீர் ஊற்றி நானே உருவினேன். ஒன்றில் அடிப்பகுதி சாம்பல் நிறத்தில் சுத்தம். மற்றதில் உறைக்குள்ளிருந்து பழுப்புத் தண்ணீர் கால் டம்ளர் வந்தது. நகத்தால் சுரண்டினேன், துரு செதில் செதிலாகப் பெயர்ந்தது.

சுத்தமானதற்கு மட்டும் 200 வெள்ளி கொடுத்தேன். அதுவும் டெஸ்ட் தேறினால்தான், இல்லாவிட்டால் பணம் வாபஸ் என்று வாட்சாப்பில் எழுதி வாங்கிக்கொண்டேன். கடையில் விட்டிருக்கிறேன்.

பாறைமீன்:
தேறினால் ஹந்துவில் ஒரு தடவை எனக்கும் கொடுங்க. ஈயம் இல்லாமல் இறங்கிப் பார்க்கிறேன்.