பெரியப்பாவோட 1965 ஹெரால்டு: ஃபோன்ல ஸ்கேன் பண்ணி லேசர்ல தகடு வெட்டி ஏத்தலாமா?

மாந்தோப்பு_ஹெரால்டு, காவேரிப்பட்டணம்

வணக்கம் எல்லாருக்கும். இத்தனை நாளா படிச்சுட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இப்பதான் மொத தடவை எழுதறேன், நீளமா போனா திட்டாதீங்க.

எங்க பெரியப்பா வெச்சிருந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார், டூ டோர், மாந்தோப்பு ஷெட்டுல இருபது வருஷமா நிக்குது. பெரியப்பா இப்ப இல்ல. வீட்ல எல்லாரும் எடைக்கு போட்டுடுன்றாங்க, எனக்கு மனசு வரல. ஸ்போர்ட்ஸ் கார் பத்தி பேசற இடத்துல ஹெரால்டு எதுக்குன்னு, அது எப்படா ஸ்போர்ட்ஸ் கார் ஆச்சுன்னு கேக்காதீங்க, மெட்ராஸ்ல செஞ்ச வண்டிதான், ஆனா 1962ல டிரையம்ஃப் ஸ்பிட்ஃபையர்ன்ற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் வந்தப்ப இதே சேசிஸத்தான், அதாவது அடிச்சட்டத்ததான், குட்டையாக்கி அடியில வெச்சாங்க, ரெண்டுக்கும் உருவம் வரைஞ்சதும் அதே இத்தாலிக்காரர் மிக்கெலோட்டிதான். என்னைப் பொறுத்தவரை இது ஸ்போர்ட்ஸ் கார்தான், முடிஞ்சுது.

இப்ப நிலைமை என்னன்னா பானெட் முழுசா முன்னாடி கவுந்து திறக்குது, அது நல்லா இருக்கு, எலி கூடு கட்டியிருந்துச்சு எடுத்தாச்சு. டிரைவர் சைடு ஃப்ளோர்ல கால் வெச்சா தரை தெரியுது. சேசிஸ்ல இருந்து சைடுக்கு நீட்டிட்டு இருக்குற கைங்க, அவுட்ரிகர்னு சொல்றாங்களே, அதுல ஸ்க்ரூ டிரைவர் வெச்சு குத்தினா டீல நனைச்ச பிஸ்கட் மாதிரி உள்ள போவுது.

நான் ஓசூர்ல ஒரு கம்பெனில கம்ப்யூட்டர்ல டிராயிங் போடற வேலை பாக்கறேன். பிளான் இதுதான்: ஃபோன்ல இருக்க லைடார், அதான் லேசர் ஒளி அடிச்சு தூரம் அளக்குற சென்சார், அத வெச்சு ஃப்ளோர ஸ்கேன் பண்றது, ஃபியூஷன் சாஃப்ட்வேர்ல வரைஞ்சு சிப்காட்ல லேசர் கட்டிங் குடுக்கறது, மடிச்சு வாங்கிட்டு வந்து வீட்லயே சிஓடூ வெல்டிங் போட்டுடறது. உள்ள இருக்க கைப்பிடி, திருகாணி மூடி, லைட்டு சுத்தி வர்ற வளையம் இதெல்லாம் த்ரீடி பிரிண்டு. ஃபோன் ஸ்கேன் போதுமா, எத்தன மில்லி தகடு, எதை பிரிண்ட் பண்ணலாம் எதை கூடாது, செஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க.

லேசர்_நைட்ஷிஃப்ட், ஓசூர்

தம்பி நான் சிப்காட்ல ஜாப்வொர்க் கடையில மெஷின் ஓட்டறவன், அதனால எங்க தரப்புல இருந்து சொல்றேன்.

ஃபோன் லைடார் சென்டிமீட்டர் கணக்குல தப்பும். மொத்த உருவம் எப்படி வளைஞ்சு போவுதுன்னு பாக்க ஓகே, ஆனா ஓட்டைக்கு ஓட்டை தூரம் அதுல எடுத்தா வெட்டின தகட்ட கொண்டு போய் வெச்சு பாத்துட்டு நீ அழுவ. பேசாம அட்டைல வெட்டு. டிவி வந்த பெட்டி அட்டை இருக்குல்ல, அத வெச்சு டெய்லர் மாதிரி அளவெடு, ஓட்டைய பென்சில்ல குத்தி மார்க் பண்ணு, மேல ஸ்டீல் ஸ்கேல் நீளவாக்குல ஒண்ணு குறுக்க ஒண்ணு வெச்சு போட்டோ எடுத்து அதுமேல டிரேஸ் பண்ணு. லேசர்ல எங்களுக்கு பத்துல ஒரு மில்லி பெரிய விஷயம் இல்ல, நீ குடுக்கற டிராயிங் சரியா இருந்தா போதும். குப்பைய குடுத்தா குப்பையவே ரொம்ப சுத்தமா வெட்டிக் குடுக்கும் மெஷின்.

அப்புறம் யூனிட். வண்டி இங்கிலாந்து டிசைன், போல்ட்டு எல்லாம் இஞ்சு கணக்கு, அதனால நிறைய பேரு இஞ்சுலயே வரைஞ்சு மில்லின்னு நெனச்சு அனுப்பிடறாங்க. 25.4 மடங்கு சின்னதாயிடும், உன் ஃப்ளோர் தீப்பெட்டி சைஸ்ல வரும். அதே கோட்ட ரெண்டு தடவை ஒண்ணுமேல ஒண்ணு போட்டு அனுப்பாத, மெஷின் ரெண்டு தடவ வெட்டும், ஓரம் கருகிடும்.

தகடு சிஆர்சிஏ வாங்கு, அதான் குளிர்ல உருட்டி பதப்படுத்தின இரும்புத் தகடு. ஃப்ளோருக்கு 1.2 மில்லி, அவுட்ரிகருக்கு 1.6, ஆனா என் பேச்ச கேக்கறதுக்கு முன்னாடி துரு பிடிக்காத இடமா பாத்து வெர்னியர் வெச்சு அசல அளந்துக்க. ஜிஐ ஷீட், அதாவது துத்தநாகம் பூசின தகடு, வேண்டாம், துருப்பிடிக்காதுன்னு ஆசைப்பட்டு அதுல வெல்டிங் போட்டா அந்த துத்தநாகப் புகைல ராத்திரி காய்ச்சல் வந்து படுத்துடுவ.

மடிப்புக்கு அளவுல கழிக்க மறக்காத, மடிக்கும்போது தகடு கொஞ்சம் நீளும். 1.2 மில்லி தகட்ட 90 டிகிரி மடிச்சா ஒரு மடிப்புக்கு சுமார் 2 மில்லி கழியணும். ஒரே திசைல நாலு மடிப்பு வர்ற தகட்டுல கழிக்கலன்னா 8 மில்லி பெருசா வந்து நிக்கும். அந்த பிரேக் பிரஸ், அதான் தகடு மடிக்கற மெஷின், அத ஓட்டறவர்கிட்டயே கேட்டுட்டு வரை, ஒவ்வொரு மெஷினுக்கும் கொஞ்சம் மாறும்.

கரிபட்டறை, தர்மபுரி

லேசரு கீசரு எல்லாம் இருக்கட்டும்ணா, மொதல்ல சேசிஸ் நேரா இருக்கான்னு பாத்தீங்களா? அவுட்ரிகர் பிஸ்கட் ஆயிடுச்சுன்னா பாடி ஏற்கனவே ஒரு பக்கம் உக்காந்திருக்கும். உக்காந்த வண்டில அளவெடுத்தா உக்காந்த அளவுதான் வரும், அத லேசர்ல வெட்டினா கோணல் நிரந்தரம் ஆயிடும்.

எங்கப்பா டிங்கரிங் பட்டறை, அவர் பண்ற முறைய சொல்றேன், காசு செலவே இல்ல. கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பாலிஷ் பண்ற இடத்துல ஓரம் உடைஞ்ச துண்டு கல்லு சும்மாவே குடுப்பாங்க. நாலு துண்டு எடுத்துட்டு வந்து நாலு ஸ்டாண்டுக்கு அடியில மணல் போட்டு வைங்க, கொத்தனார்கிட்ட இருக்குமே தண்ணி டியூப்பு, அத வெச்சு நாலு கல்லையும் ஒரே மட்டத்துக்கு கொண்டு வாங்க. அப்புறம் சேசிஸ்ல சஸ்பென்ஷன் போல்ட்டு வர்ற இடத்துல இருந்து தூக்குக்குண்டு விட்டு கீழ தரையில சாக்பீஸ் புள்ளி வைங்க. எல்லா புள்ளியும் வெச்சதும் குறுக்க, அதாவது எக்ஸ் மாதிரி ரெண்டு பக்கமும் டேப் பிடிச்சு அளங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா தப்பிச்சீங்க.

அதுக்கப்புறமும் ஃப்ளோர வெட்டறதுக்கு முன்னாடி கதவு ஓப்பனிங்ல குறுக்க சதுரக் குழாய் வெச்சு டேக் போட்டு, அதாவது அங்கங்க பொட்டு வெல்டிங் மட்டும் வெச்சு, நிறுத்துங்க. ஹெரால்டு பாடி முன்பாதி பின்பாதின்னு போல்ட்டுல சேர்றது, தரையை எடுத்துட்டீங்கன்னா நடுவுல மடங்கிக்கும், அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் சாத்தாது. கதவு கேப்ப கண்ணுல பாத்து சரி பண்ணிட்டு அப்புறம் டேக் போடுங்க. ரெண்டு சைடும் ஒரே நாள்ல வெட்டாதீங்க, ஒரு சைடு முடிச்சுட்டு மறுசைடு.

ஸ்பிட்ஃபையர் சொன்னீங்க, அது வேற கதை. அதுல இந்த சைடு கைங்கள எடுத்துட்டு பாடியோட சில், அதான் கதவுக்கு கீழ ஓடற பெட்டி, அத வெச்சு தாங்க வெச்சிருக்காங்க. அதனால வெளிநாட்டுக்காரன் ஸ்பிட்ஃபையருக்கு போட்ட வீடியோவ பாத்து இதுல அப்படியே பண்ணிடாதீங்க.

சும்மா_பாத்தவன்

எடைக்கு போட்டுட்டு ஒரு செகண்ட் ஹேண்ட் ஸ்விஃப்ட் வாங்குங்க ப்ரோ, பெட்ரோலுக்கும் மிச்சம் ஆவும்.

கரிபட்டறை, தர்மபுரி

உங்க தாத்தா போட்டோவையும் எடைக்கு போட்டுட்டீங்களா ப்ரோ

பழைய_ஓட்டி, தர்மபுரி

தம்பி, எனக்கு அறுபத்தெட்டு வயசு, 948 சிசி ஹெரால்டு பன்னண்டு வருஷம் ஓட்டினவன். நீங்க எல்லாரும் தகட்டப் பத்தியே பேசறீங்க, ஆள கொல்ற இடம் தகடு இல்ல.

முன்சக்கரத்த பிடிச்சிருக்க செங்குத்துக் கம்பி கீழ ஒரு பித்தளை முட்டுக்குள்ள மரையில இறங்கும், டிரன்னியன்னு பேரு. ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரையிலதான் சுத்தும். அதுக்கு ஈபி 90 கியர் ஆயில் போடணும், கிரீஸ் இல்ல. நம்ம ஊர்ல எல்லா மெக்கானிக்கும் கிரீஸ் கன்ன வெச்சு அடிச்சுட்டு போயிடுவான், அது கெட்டியாகி உள்ள தண்ணி தங்கி கம்பி துருப்பிடிச்சு ஒரு நாள் திருப்பத்துல பட்டுனு ஒடியும், சக்கரம் அப்படியே உள்ள மடங்கிக்கும். எனக்கே பென்னாகரம் ரோட்ல ஆச்சு, நல்லவேளை பத்து கிலோமீட்டர் ஸ்பீடுதான், புளியமரத்தடில நிறுத்திட்டு உக்காந்துட்டேன். இடது வலது ரெண்டுக்கும் மரை திசை வேற, கழட்டும்போது எந்தப் பக்கத்ததுன்னு சீட்டு எழுதி கட்டி வை, மாத்திப் போட்டுடாத. இந்தக் கம்பியையும் பித்தளையையும் லேத்துல செஞ்சுக்கலாம், பிரிண்டு பண்ணி வார்த்துக்கலாம்னு எவனாச்சும் சொன்னா கேக்காத. சரியான பார்ட்டு வெளிநாட்ல இன்னிக்கும் புதுசா வருது, காசு போனா போவுதுன்னு வரவழை.

பிரிண்டு பத்தி எனக்கு தெரியாது, என் பேரன் பண்றான். அவன் பிஎல்ஏ பிளாஸ்டிக்ல ஜன்னல் சுத்தற கைப்பிடி குமிழ் ஒண்ணு செஞ்சு என் வண்டில மாட்டினான், ஏப்ரல்ல வெயில்ல நிறுத்திட்டு வந்து பாத்தா கொழுக்கட்டை மாதிரி தொங்குது. அறுபது டிகிரிலயே எளகிடுமாம். இப்ப ஏஎஸ்ஏன்னு ஒண்ணுல செய்யறான், வெயில் தாங்குது. இன்னொண்ணு நல்லா இருந்துச்சு, உடைஞ்ச ஒரு அலுமினிய எழுத்த பிரிண்டு போட்டு அத மாதிரியா வெச்சு மணல்ல வார்க்க குடுத்தான். அலுமினியம் ஆறும்போது சுருங்கும்னு ஒரு சதவீதத்துக்கு கொஞ்சம் மேல பெருசா போட்டான், கச்சிதமா உக்காந்துச்சு.

ஓடற நிலைக்கு வந்துட்டா தொப்பூர் கணவாய்ல இறங்கிப் பாக்க ஆசை வரும். வளைவு நடுவுல சட்டுனு ஆக்ஸிலேட்டர விடாத. பின்னாடி ஸ்விங் ஆக்ஸில், அதாவது நடுவுல இருந்து மேல கீழ ஊசலாடற அச்சு, சக்கரம் அடியில மடங்கி பின்பக்கம் வீசும். வளைவுக்கு முன்னாடியே வேகத்த குறைச்சுக்க.

ஃபைல்_தூக்கி, கிருஷ்ணகிரி

வெல்டிங் போடறதுக்கு முன்னாடி பேப்பர பாருங்க. ஆர்சி பெரியப்பா பேர்லதான இருக்கும்? இறப்பு சான்றிதழ், வாரிசு சான்றிதழ் வெச்சு படிவம் 31ல பேர் மாத்தணும், பெரியம்மா, பசங்க கையெழுத்து இப்பவே வாங்கிடுங்க, வண்டி பளபளன்னு ஆனப்பறம் கேட்டா எல்லாருக்கும் பெரியப்பா மேல பாசம் வந்துடும். 2021ல வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டின வண்டிய விண்டேஜா பதியலாம், புது பதிவுக்கு 20,000 ரூபா, 10 வருஷம் செல்லும், புதுசா பதியற வண்டி நம்பர்ல விஏ வரும். ஆனா வண்டி அசல் நிலைல இருக்கணும், பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அதனால புது வசதி இருக்குன்னு வடிவத்த மாத்திடாதீங்க, அசல் மாதிரியே செய்ங்க, ஒவ்வொரு கட்டமும் போட்டோ எடுங்க. சேசிஸ் நம்பர் தகட்டு மேல கிரைண்டர் படவே கூடாது.

மாந்தோப்பு_ஹெரால்டு, காவேரிப்பட்டணம்

எல்லாருக்கும் பெரிய நன்றி, மூணு வாரம் கழிச்சு வரேன். பெரியம்மா கையெழுத்து போட்டுட்டாங்க, முத ரவுண்டு எனக்கே ஃப்ரண்ட் சீட்டுன்னு ஒரு கண்டிஷன்.

தூக்குக்குண்டு விட்டு பாத்தேன், குறுக்களவு ரெண்டுக்கும் 4 மில்லி வித்தியாசம். கரிபட்டறை அண்ணா, இது ஓகேவா இல்ல இழுக்கணுமா?

அட்டை வெட்டி மொத தகடு லேசர்ல வாங்கினேன். நைட்ஷிஃப்ட் அண்ணன் சொன்ன மாதிரி ஸ்கேல் வெச்சு போட்டோ எடுத்தேன், ஆனா சோம்பேறித்தனமா நின்னுட்டே சாய்வா எடுத்துட்டேன், முன்பக்க ஓட்டை ரெண்டும் சரியா வந்து பின்பக்கம் 7 மில்லி தள்ளி நிக்குது. ஒரு தகடு வேஸ்ட். இப்ப ஏணி போட்டு மேல ஏறி நேரா கீழ பாத்து எடுத்தேன், உக்காந்துடுச்சு.

டிரன்னியன் கழட்டினேன். வலது பக்கம் உள்ள கறுப்பா மெழுகு மாதிரி கிரீஸ், நகத்தால சுரண்டி எடுக்க வேண்டி இருந்துச்சு, அதுக்கு அடியில கம்பில மரை பாதி தின்னு போயிருக்கு. ரெண்டு பக்கத்துக்கும் புதுசு ஆர்டர் போட்டுட்டேன் ஐயா. பழசு ஜன்னல்ல வெச்சிருக்கேன்.

கரிபட்டறை, தர்மபுரி

4 மில்லின்னா இழுக்காதீங்க. புது அவுட்ரிகர டேக் மட்டும் போட்டு மறுபடி குண்டு விட்டு பாருங்க. ஞாயித்துக்கிழமை காவேரிப்பட்டணம் பக்கம்தான் வரேன், டேக் போட்டு வைங்க, முழு வெல்டிங் போட்டுடாதீங்க.