கீழே கடை, மேலே வீடு: படிக்கதவைத் திறந்து வைக்கலாமா?

மூன்றாம்மாடி:
"நடுவுல கான்கிரீட் தளம் இருக்கு, கீழே கடை எரிஞ்சாலும் மேல் வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது. படிக்கதவைத் திறந்தே வையுங்க, புகை வெளியே போயிடும்"னு கடைக்காரர்77 நேத்து எழுதியிருக்கார். படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. புகை எங்கே சார் வெளியே போகும்? மேலேதான் ஏறும். படிக்கட்டே புகைபோக்கி ஆயிடும். 2025 மே மாசம் ஐதராபாத் குல்சார் ஹவுஸ் பகுதியில தீப்பிடிச்சு 17 பேர் செத்தாங்க. கீழே கடைங்க, மேலே குடும்பம், இறங்க ஒரே குறுகலான படி.

கடைக்காரர்77:
இருபது வருஷமா கடை வச்சிருக்கேன், ஒரு பொறி பறந்ததில்லை. கதவை மூடினா சரக்கை எப்படி ஏத்துறது? ஐதராபாத் தீக்கும் கதவுக்கும் என்ன சம்பந்தம்?

மூன்றாம்மாடி:
கதவால தீப்பிடிக்குதுன்னு யார் சொன்னா? புகையைத் தடுக்கும்னுதான் சொன்னேன். தானா மூடிக்கிற தீத்தடுப்புக் கதவுக்கு அடியில ஆப்பு செருகினா அது வெறும் பலகை.

ஒயர்மேன்:
கதவை விடுங்கப்பா. கடைக்குள்ள ராத்திரி முழுக்க ஸ்கூட்டர் பேட்டரி சார்ஜ் ஏறுதே, அதைப் பேசுங்க. 2022ல செகந்திராபாத்ல கீழே மின் ஸ்கூட்டர் ஷோரூம், மேலே லாட்ஜ். 8 பேர் போயிட்டாங்க. லித்தியம் செல் ஒண்ணு கொதிச்சா பக்கத்துச் செல்லுக்கும் தொத்திக்கும்.

மூன்றாம்மாடி:
அங்கேயும் புகை எந்த வழியா ஏறுச்சு? படி வழியாத்தானே! மறுபடி கதவுக்கே வந்துட்டீங்க.

கடைக்காரர்77:
போன மாசம் இன்வெர்ட்டர் விவாதத்துல தோத்த கடுப்பை இங்கே வந்து கொட்டுறார்.

மூன்றாம்மாடி:
தோத்தேனா? பாதியில காணாமப் போனது யாருன்னு அங்கே போய்ப் பாருங்க.

நடுவாசல்:
பகல்ல திறந்து வச்சு ராத்திரி மூடிக்கலாமே?

மூன்றாம்மாடி:
தினமும் யார் மூடுவா, நீங்க வர்றீங்களா? கதவுக்குப் பின்னாடி அட்டைப்பெட்டி வேற அடுக்கியிருக்கு. புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடு விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, தூங்குறவங்களை அது எழுப்பாது. மூணாவது மாடியில படுத்துப் பாருங்க, தெரியும்.

ஒயர்மேன்:
பேட்டரிக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லலை.

கடைக்காரர்77:
கடை பிடிக்கலைன்னா கடை இல்லாத கட்டடமாப் பார்த்துக் குடி போங்க.

மூன்றாம்மாடி:
கடை வேணாம்னு எங்கே எழுதினேன்? எடுத்துக் காட்டுங்க. ஆப்பை எடுங்கன்னேன். ஆப்பை!

கடைக்காரர்77:
என் சரக்கு ஏறுற வரைக்கும் கதவு திறந்துதான் இருக்கும்.