கொன்ரூருக்கு என்ன தமிழ்? உருவரை, முகவெட்டு, நிழற்பூச்சு

அனுப்புபவர்: அழகுக்கலைப் பயிற்றுநர், கிளிநொச்சி

வணக்கம்.

மணப்பெண் அலங்காரம் படிக்கிற பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு செய்முறைக் கைநூல் தயாராகிறது. பவுண்டேஷன், பிளஷ் போன்றவை வாயில் பழகிவிட்டன. அவற்றில் கைவைக்கப் போவதில்லை. சிக்கல் கொன்ரூரில்தான் (contour), அதாவது முகத்தில் நிழல் காட்டப் பூசுகிற கபிலப் பூச்சில். சொல்லைக் கேட்டால் வேலை விளங்காததால், வெயில் பட்ட நிறம் காட்டுகிற புறொன்சரை வாங்கிவந்து, கன்ன எலும்பின் கீழே உள்ள குழியில் பூசுகிறார்கள். இரண்டும் கபில நிறம், கடையிலும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். ஆகவே நாம் ஆக்குகிற சொல் வேலையைக் காட்ட வேண்டும், வினையாகவும் வர வேண்டும், தூள், கிறீம், குச்சி மூன்றுக்கும் பொருந்த வேண்டும்.

புவியியல் பாடத்தில் இதே சொல்லுக்குச் சமவுயரக்கோடு என்போம். தேசப்படத்துக்குச் சரி, கன்னத்துக்கு ஆகாது. அகராதிகள் உருவரை என்கின்றன. அதிலும் மனம் ஒட்டவில்லை. முகவெட்டு என்று ஒரு யோசனையும் வந்திருக்கிறது. உங்கள் கருத்து?

அனுப்புபவர்: மணப்பெண் அலங்காரம் செய்பவர், புதுக்குடியிருப்பு

ரீச்சர், உருவரை வேண்டவே வேண்டாம். "வரை" என்று கேட்டதும் பிள்ளை கோடுதான் போடும். காதடியிலிருந்து கடைவாய் வரை ஒரு கபிலக் கோடு, மூக்கின் இரண்டு பக்கமும் இரண்டு கோடு. கொன்ரூரில் வருகிற முதல் பிழையே அதுதான். அந்தப் பிழையை நாமே பெயராக வைக்கலாமா?

முகவெட்டு என்பது பிறவியில் வருவது, டப்பாவில் வராது. "அந்தப் பிள்ளைக்கு நல்ல முகவெட்டு" என்று ஊரில் சொல்வது எலும்பமைப்பைப் பார்த்து. அதைப் பூச்சுக்குக் கொடுத்தால், பூச்சு தேவைப்படுகிறவளுக்கு முகவெட்டு இல்லை என்று சொன்னதாகிவிடும். மணப்பெண்ணிடம் அந்தக் கதை கதைக்க ஏலாது.

இந்தப் பூச்சு செய்வது ஒரே வேலை: பவுண்டேஷன் தட்டையாக்கிய முகத்தில் இயற்கையான நிழலைத் திரும்ப வைப்பது. நிழலுக்கு மினுக்கம் இல்லை, சூடான நிறமும் இல்லை. ஆகவே பொருளும் மினுங்காததாக, செம்மஞ்சள் கலவாததாக இருக்க வேண்டும். புறொன்சர் வெயில் பட்ட நிறத்தைக் காட்ட வந்தது. அதில் செம்மை இருக்கும், பலவற்றில் மினுக்கமும் இருக்கும். அதைக் கன்னக்குழியில் பூசினால் குழி உள்ளே போகாது, தோடம்பழ நிறத்தில் முன்னே வரும். என் முன்மொழிவு நிழற்பூச்சு. வினை நிழலிடுதல்.

அனுப்புபவர்: அழகுசாதனக் கடை, வவுனியா

அக்கா சொல்வது விளங்குது. ஆனால் நிழற்பூச்சு என்று எழுதிவைத்தால், வெயில் படாமல் பூசுகிற கிறீமோ என்று சனம் கேட்கும். இன்னொன்று, ஐ ஷேடோவும் நிழல்தானே? அதை எங்கே வைப்பது?

நிறத்தைத் தெரிவுசெய்வதைப் பற்றியும் எழுதவேண்டும். பெட்டியின் பின்னால் உள்ள எண்களைப் பார்த்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது. சி.ஐ. என்பது நிறமிகளின் சுட்டெண் (Colour Index). சி.ஐ. 77491, 77492, 77499 மூன்றும் முறையே சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஒட்சைட்டு. கொன்ரூரிலும் இவைதான், புறொன்சரிலும் இவைதான். பல பெட்டிகளில் கூட்டல் கழித்தல் அடையாளத்துக்குப் பிறகு நிறமிகளை மொத்தமாகப் போட்டிருப்பார்கள். அந்த வரிசையில் எது கூட, எது குறைவு என்று தெரியாது. சி.ஐ. 77019 மைக்கா, அது இருந்தால் மினுங்கும் என்றும் இல்லை, நுண்ணிய மைக்கா மினுங்காது. விரலால் தொட்டுத் தடவி, போன் ரோர்ச்சைச் சரித்துப் பிடித்தால் பொறிபொறியாகத் தெரிகிறதா என்று பார்ப்பதே வழி. கடைகளில் பெரும்பாலும் வெள்ளை எல்.ஈ.டி. விளக்கு, 6500 கெல்வின் அளவில். அந்த நீல வெளிச்சத்தில் செம்மஞ்சள் அடங்கித் தெரியும். வாசலுக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அனுப்புபவர்: சித்திரப் பாட ஆசிரியர், மல்லாவி

சித்திரத்தில் ஒளிநிழல் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். பானை வரைந்து நிழலிடு என்றால் எல்லாருக்கும் தெரியும். வினை ஏற்கெனவே கையில் இருக்கிறது. கோடு போடாதே, நிழலிடு என்ற வேறுபாடும் அந்தப் பாடத்திலேயே வருகிறது. ஆகவே நிழற்பூச்சுக்கு என் கை. முகத்தில் ஒளி விழும் இடத்தை எடுத்துக்காட்டப் பூசுகிற ஹைலைற்றருக்கு ஒளிப்பூச்சு என்றால் இரண்டும் சோடியாக நிற்கும்.

கடைக்காரத் தம்பியின் ஐயம் நியாயமானது. ஆனால் ஐ ஷேடோவில் நிழல் எங்கே இருக்கிறது? பச்சை, ஊதா, பொன் எல்லாம் அதில் வரும். அதை இமைவண்ணம் என்று விட்டுவிட்டால் வழக்குத் தீர்ந்தது.

சந்தி பற்றி ஒரு சொல். நிழல்+பூச்சு நிழற்பூச்சு, நிழல்+குச்சி நிழற்குச்சி. நிழற்படம், நிழற்குடை போல நாக்கில் வரும். நிழல்+தூள் விதிப்படி நிழற்றூள் ஆகும். அதை ஒருவரும் வாசிக்கமாட்டார்கள். அங்கே மட்டும் நிழல்தூள் என்று பிரித்தே நிற்கட்டும், இலக்கணம் கோபிக்காது.

அனுப்புபவர்: மணப்பெண் அலங்காரம் செய்பவர், புதுக்குடியிருப்பு

> வெயில் படாமல் பூசுகிற கிறீமோ என்று சனம் கேட்கும்

கேட்கட்டும் தம்பி, அதை எல்லாரும் சன் கிறீம் என்றே சொல்லுகினம். அந்தப் பெயர் மாறப்போவதில்லை.

கைநூலுக்கு நிறத் தெரிவை இப்படி எழுதலாம், ரீச்சர். பகல் வெளிச்சத்தில் பெண்ணை நிற்கவைத்து, தாடைக்குக் கீழே கழுத்தில் விழுகிற நிழலைப் பாருங்கள். வேண்டிய நிறம் அதுதான். தோலைவிட ஒன்றிரண்டு படி கருமை போதும். வீடியோ விளக்கும் பிளாஷும் முகத்தைத் தட்டையாக்கும் என்பதால் மண்டபக் கலியாணத்துக்கு இன்னொரு படி கூட்டலாம். வெள்ளை கட்டிய பந்தலுக்குள் பகல் முகூர்த்தம் என்றால் கூட்டவே கூடாது, அந்த வெளிச்சம் எதையும் மறைக்காது.

வெளிநாட்டுக் காணொளிகளில் சாம்பல் கலந்த நிறம் வாங்கச் சொல்வார்கள். அது வெள்ளைத் தோலின் நிழல். எங்கள் மாநிறத் தோலில் அதையே பூசினால் அடுப்புச் சாம்பல் பட்டதுபோல் நிற்கும். மாநிறத்துக்குச் செம்மையும் சாம்பலும் மிகாத ஆழ்ந்த கபிலம் எடுக்க வேண்டும்; கறுத்த தோலுக்குக் கடுங்கோப்பி நிறம், அதில் மெல்லிய செம்மை இருந்தாலும் குற்றமில்லை. தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்ற வெள்ளை நிறமி, அதாவது சி.ஐ. 77891, கூடக் கலந்த தூள் கறுத்த தோலில் வெளிறிக் காட்டும். தடவிய கையோடு பார்க்காமல், சில நிமிடம் விட்டுப் பாருங்கள். மஞ்சள் பூசிக் குளித்த முகத்தில் வைத்து நிறத்தைத் தெரிவுசெய்யக் கூடாது. அந்தச் சாயலில் சாம்பல் கபிலம் பச்சையடிக்கும்.

அடுத்தது ஒழுங்கு. ஈரத்தின்மேல் ஈரம், தூளின்மேல் தூள். கிறீமும் குச்சியும் பவுண்டேஷனுக்குப் பிறகு, பவுடருக்கு முன். நிழல்தூள், பவுடர் போட்டு முடிந்த பிறகு. பவுண்டேஷன் இன்னும் ஈரமாக இருக்கும்போது தூளைத் தொட்டால் தொட்ட இடத்திலேயே பிடித்து, திட்டாகி நிற்கும். எவ்வளவு தேய்த்தாலும் கலையாது, அடியில் உள்ள பவுண்டேஷன்தான் உரியும். மறுபக்கமாக, பவுடரின்மேல் கிறீம் போட்டால் உருண்டு உருண்டு வரும்.

எங்கள் பக்கத்தில் ஒரு தனிப் பிரச்சினை நெற்றிப்பொட்டு, அதாவது நெற்றியின் இரண்டு ஓரமும். தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய் மயிர் விளிம்பால் இறங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, தூளுக்குத் தெரியும். முதல் தொடுகையிலேயே கறுத்த புள்ளி விழும். வேலை தொடங்கும்போதே விளிம்பைச் சுற்றி ரிஷூவால் ஒற்றி எடுத்து, அந்த இடத்துக்குப் பவுடர் கொஞ்சம் கூட அழுத்தவும்.

அளவு: கிறீம் என்றால் ஒரு கன்னத்துக்கு ஓர் அரிசியளவு. அதையும் புறங்கையில் எடுத்துவைத்துத் தொட வேண்டும், குச்சியை நேரே முகத்தில் இழுக்கக் கூடாது. ஒருவருக்குப் போட்ட குச்சியை மற்றவருக்கு நேரே போடவும் கூடாது; சுரண்டி எடுத்துத்தான் பாவிக்க வேண்டும். தூள் என்றால் சரிவாக வெட்டிய பிறஷை ஒருதரம் தொட்டு, தட்டி, முதல் தொடுகையைக் காதோரத்தில் வைக்க வேண்டும். பிறஷில் உள்ளதெல்லாம் முதல் தொட்ட இடத்தில்தான் இறங்கும். காதோரம் கருமையாக இருந்தால் நல்லது, வாயோரம் கருமையாக இருந்தால் நோயாளி முகம். வெளிக்கண் முனைக்கு நேர் கீழே நிறுத்திவிடுங்கள், அதைத் தாண்ட வேண்டாம். கலைப்பது எப்போதும் மேல்நோக்கி, எலும்பின் அடிவரை. கீழே கலைத்தால் கன்னம் தொங்கும். தாடையில் எலும்பின் விளிம்புக்குச் சற்றுக் கீழே தொடங்கிக் கழுத்துக்குள் கரைக்க வேண்டும். மூக்குக்குக் கன்னத்துப் பிறஷ் ஆகாது, ஐந்து மில்லிமீற்றர் அகலப் பிறஷ் வேண்டும். ஒல்லியான முகத்துக்குக் கன்ன நிழலே வேண்டாம். இதைக் கைநூலில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

மணவறையில் ஓமப்புகையும் வியர்வையும் வரும். கிறீமை மெல்லியதாக வைத்து, பவுடர் ஒற்றி, அதே நிறத் தூளை மேலே ஒரு தடவல் கொடுத்தால் இருக்கும். வியர்த்தபின் மேலே தூள் போடக் கூடாது, அது மாவாகிக் கட்டிப்படும். முதலில் ரிஷூவை வைத்து அழுத்தி எடுக்க வேண்டும், தேய்க்காமல்.

அனுப்புபவர்: சித்திரப் பாட ஆசிரியர், மல்லாவி

கூத்துக்காரருக்கு ஒரு விலக்கு எழுதிவிடுங்கள். முற்றத்தின் கடைசியில் பாயில் இருப்பவருக்கும் கன்னம் தெரிய வேண்டிய இடத்தில் விளிம்பு கலையாமல் நின்றாலும் குறையில்லை. அங்கே அது உருவரைதான்.

அனுப்புபவர்: அழகுக்கலைப் பயிற்றுநர், கிளிநொச்சி

நிழற்பூச்சு, நிழலிடுதல், நிழல்தூள், நிழற்கிறீம், நிழற்குச்சி, ஒளிப்பூச்சு, இமைவண்ணம் என்று பதிகிறேன். ஹைலைற்றருக்கு மினுக்கி என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். "மினுக்கித் திரியிறாள்" என்ற பேச்சு இருக்கும்வரை அது வகுப்பறைக்குள் வராது. புறொன்சர் புறொன்சராகவே இருக்கட்டும். வெயிற்பூச்சு என்றால் தம்பி பயந்த குழப்பம் அங்கேதான் உண்மையில் வரும்.

வெயிலில் வான் வண்டிக்குள் வைத்த குச்சியில் எண்ணெய் முத்து முத்தாகப் பூக்கிறதே, அதை எறிய வேண்டுமா?

அனுப்புபவர்: அழகுசாதனக் கடை, வவுனியா

தேவையில்லை ரீச்சர். சூட்டில் மெழுகு இளகி எண்ணெயை வெளியே விடுகிறது, அவ்வளவுதான். நிழலில் ஆறவிட்டு, மேல்பூத்ததை ரிஷூவால் ஒற்றிவிட்டுப் பாவிக்கலாம். காறல் மணம் வந்தாலோ, தடவும்போது மணல்போல் தட்டினாலோ எறியுங்கள். திறந்த டப்பா படத்துக்குள் 12 எம் என்று இருந்தால் திறந்து 12 மாதம். திறந்த திகதியைப் பெயரோடு சேர்த்து ஒட்டுவதானால் குச்சியின் அடியில் ஒட்டுங்கள். வகுப்பில் மூடிகள் மாறிவிடும்.