குளிர்கால விமானச் சீட்டும் அப்பச்சி எழுதிய சிட்டையும்

காரைக்குடியிலிருந்து:

பனி கொட்டும் ஊரிலிருந்து கடற்கரைக்குக் குறைந்த செலவில் பறந்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதலாம் என்று கேட்டிருந்ததால் எழுதுகிறேன். கடல் பார்க்க எங்களுக்கு விமானம் தேவையில்லை. காரைக்குடியில் பேருந்து ஏறினால் தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டியில் இறங்கிவிடலாம். ஆனால் மகன் குடும்பம் இருப்பது டொராண்டோவில். 2023 ஆம் ஆண்டு குளிர்காலத்தை அங்கே கழிக்க நானும் என் மனைவியும் முடிவு செய்தபோது, 2024 ஜனவரியில் ஒரு வாரம் எல்லோரும் மெக்சிகோவின் கான்கூன் கடற்கரைக்குப் போய் வரலாம் என்று மகன் சொன்னான். சீட்டு எடுக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை?

அக்டோபர் மாதம் முழுவதும் காலை ஆறு மணிக்குக் காப்பியோடு முகப்பில் உட்கார்ந்து, கைப்பேசியில் கட்டணங்களைப் பார்த்துக் குறித்துக்கொள்வேன். அந்நேரம் டொராண்டோவில் முந்தைய நாள் இரவு எட்டரை மணி, மகனும் விழித்திருப்பான். மூன்று வாரம் குறித்த பிறகு எனக்கு விளங்கியது இதுதான்: குளிர்காலம் முழுவதும் ஒரே விலை இல்லை. கிறிஸ்துமஸ் விடுமுறை, பிப்ரவரி மூன்றாம் திங்கட்கிழமை வரும் குடும்ப நாள் என்ற அரசு விடுமுறை, மார்ச் நடுவில் பள்ளிகளுக்கு விடும் ஒரு வார விடுப்பு ஆகிய மூன்று சமயங்களிலும் கட்டணம் ஏறி நிற்கிறது. புத்தாண்டுக் கூட்டம் ஓய்ந்த பிறகு குடும்ப நாள் வரைக்கும் உள்ள வாரங்களில் இறங்குகிறது. டிசம்பர் 22 ஆம் தேதி புறப்பட்டால் ஒருவருக்கு 900 கனடிய டாலருக்கு மேல் கேட்ட அதே நேரடி விமானம், ஜனவரி 16 ஆம் தேதி செவ்வாய்க்கிழமை புறப்பட்டு அடுத்த செவ்வாயன்று திரும்பினால் 412 டாலர்தான். பேரனுக்கு அப்போது ஐந்து வயது. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆறு வயதிலிருந்துதான் பள்ளி கட்டாயம் என்பதால், பள்ளி நடக்கும் வாரத்தில் போக எங்களுக்குத் தடை இருக்கவில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இந்தச் சலுகை எட்டாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதைவிடக் குறைவாக, 330 டாலருக்கு, அமெரிக்க நகரம் ஒன்றில் இறங்கி மாறும் சீட்டும் இருந்தது. ஐந்து பேருக்கு 410 டாலர் மிச்சம் என்று மனம் அலைபாய்ந்தது. ஆனால் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அமெரிக்க விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்குக்கூட அந்நாட்டு விசா வேண்டும் என்று மகன் நினைவூட்டினான். எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் பஃபலோ நகரிலிருந்து மலிவாகப் பறக்கலாம் என்று சிலர் சொல்வதும் அதே காரணத்தால் எங்களுக்கு உதவாது. மெக்சிகோ அப்படியில்லை, செல்லுபடியாகும் கனடிய விசா இருந்தால் இந்தியருக்குத் தனி விசா கேட்பதில்லை. ஆனால் அந்தக் கனடிய விசா பலமுறை நுழைவதற்கானதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கடலில் குளித்துவிட்டு டொராண்டோ திரும்ப முடியாது.

நேரடி விமானத்துக்கே ஐந்து பேருக்கும் பதிவு செய்தேன். பேரன் பெயரால் வந்த சிக்கல் தனிக் கதை.

பினாங்குக் கடையில் என் அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் சொல்வோம்) சிட்டை என்கிற கணக்கேடு எழுதிய காலத்தில், கப்பல் சீட்டு விலையை மட்டும் ஒருபோதும் பயணச் செலவு என்று பற்று எழுத மாட்டார்களாம். ஊர் வந்து வீட்டுப் படியேறும் வரைக்கும் கொடுத்த கூலி, வண்டி வாடகை எல்லாவற்றையும் கூட்டித்தான் எழுதுவார்கள். நானும் அப்படியே எழுதிப் பார்த்தேன். சீட்டு 2060 டாலர். இரண்டு பெட்டிகளுக்குப் போக வர 160. குடும்பம் சேர்ந்து உட்கார வேண்டும் என்று இருக்கைத் தேர்வுக்கு 180. விமான நிலையத்துக்கு அருகே மகனுடைய காரை ஒரு வாரம் நிறுத்தியதற்கு 110. பேரனுக்கு என் பரிசாக இருக்கட்டும் என்று இந்திய அட்டையில் பணம் கட்டியதால் அந்நியச் செலாவணிக் கட்டணம் மூன்றரை சதவீதமும் அதன்மேல் வரியும் சேர்ந்து 85. ஆக 2595. திரையில் 412 என்று காட்டிய சீட்டு, ஒருவருக்கு 519 ஆகிவிட்டது.

இதில் 180 டாலர் என் அறியாமைக்குக் கட்டிய அபராதம். கனடிய விதிப்படி, பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பெற்றோருக்கு அருகில் கூடுதல் கட்டணமின்றி உட்கார வைக்க வேண்டியது விமான நிறுவனத்தின் கடமை. ஐந்து வயதுப் பிள்ளை என்றால் அதே வரிசையில், நடுவில் ஓர் இருக்கைக்கு மேல் இடைவெளி இல்லாமல் இடம் தர வேண்டும். நானும் என் மனைவியும் எங்கே உட்கார்ந்தால் என்ன? நான்கு மணி நேரப் பயணம்தானே. இந்திய அட்டைக்குப் போன 85 டாலரும் மகனிடம் கட்டச் சொல்லியிருந்தால் மிஞ்சியிருக்கும்.

இன்னொரு வருத்தமும் உண்டு. ஜனவரி முதல் வாரத்தில், விமானமும் ஏழு இரவுத் தங்கலும் சாப்பாடும் சேர்ந்த தொகுப்புகளில் மீந்த இடங்களை விலை குறைத்துத் தள்ளினார்கள். நாங்கள் சீட்டுக்கும் விடுதிக்கும் தனித்தனியாகக் கொடுத்ததைக் கூட்டினால் அதைவிட அதிகம். தேதியும் ஊரும் எப்படியிருந்தாலும் சரி என்பவர்கள் கடைசிப் பத்து நாள் வரை காத்திருக்கலாம். ஐந்து பேருக்கு ஒரே விமானத்தில் இடம் வேண்டும் என்பவர்கள் அந்தச் சூதாட்டத்தில் இறங்க வேண்டாம் என்பதே என் எண்ணம்.

திங்களன்று மகன் வீட்டு அடுப்பில் பொங்கல் வைத்துவிட்டு, செவ்வாய் விடியற்காலையில் கிளம்பினோம். வெளியே இரவெல்லாம் பனி. விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு அதை ஓரிடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, இறக்கைகளில் படிந்த பனியை நீக்க முதலில் ஆரஞ்சு நிறத் திரவத்தையும், மீண்டும் படியாதிருக்கப் பிறகு பச்சை நிறத் திரவத்தையும் தெளித்தார்கள். "ஐயா, விமானத்துக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார்களா?" என்று பேரன் கேட்டான். அந்தக் குளியல் முடிந்து கிளம்ப ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. வானிலையால் வரும் தாமதத்துக்கு இழப்பீடும் கிடையாது. வழியில் ஒரு மணி நேர இடைவெளியில் வேறு விமானம் மாற வேண்டிய சீட்டாக இருந்திருந்தால் அன்றைக்குக் கடல் பார்த்திருக்க மாட்டோம்.

தேவகோட்டையிலிருந்து:

ஐயா எழுதியதைப் படித்ததும் என் கணக்கையும் எழுதத் தோன்றியது. நான் டெல்லியில் வேலை பார்க்கிறேன். இப்போது விடுப்பில் ஊருக்கு வந்திருக்கிறேன். டெல்லிக் குளிரைக் கனடாவோடு ஒப்பிட முடியாதுதான். ஆனால் டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரைக்கும் இறங்கும் மூடுபனி விமானங்களை நிறுத்திவிடும். சென்ற ஆண்டு நானும் மனைவியும் கோவாவுக்குப் போனபோது, நண்பகல் விமானத்தைவிட ஆளுக்கு 1100 ரூபாய் குறைவு என்று காலை ஆறு மணி விமானத்தில் பதிவு செய்தேன். கிளம்பியது பதினொன்றே முக்காலுக்கு. மூடுபனி பெரும்பாலும் விடியலில் கனத்து, வெயில் ஏற ஏற விலகும் என்பது டெல்லியில் நான்கு குளிர்காலம் கழித்த எனக்குத் தெரியாததல்ல. 2200 ரூபாய் கண்ணை மறைத்தது.

இரண்டாவது தவறு அதைவிடப் பெரியது. கோவாவுக்கு இரண்டு விமான நிலையங்கள் உண்டு. பழைய தபோலிம் மாநிலத்தின் நடுவில் இருக்கிறது. 2023 ஜனவரியில் விமானங்கள் வரத் தொடங்கிய மோபா வடகோடியில், மகாராஷ்டிர எல்லைக்கு அருகே இருக்கிறது. எனக்குக் கிடைத்த மலிவுச் சீட்டு மோபாவுக்கு. நான் விடுதி எடுத்திருந்ததோ தென்கோடியில் உள்ள பலோலம் கடற்கரையில். மாநிலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வாடகைக் காரில் போனதில், சீட்டில் மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு மடங்கு போய்விட்டது. விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது சூரியனும் மறைந்துவிட்டது. ஊர்ப் பெயரைப் பார்த்துச் சீட்டு எடுக்காமல், விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பார்த்து எடுக்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

பள்ளத்தூரிலிருந்து:

நான் மான்செஸ்டரில் செவிலியராக இருந்துவிட்டு இப்போது ஊர் திரும்பியிருக்கிறேன். அங்கே குளிர்காலத்தில் கடல் என்றால் ஸ்பெயினுக்குச் சொந்தமான கனாரித் தீவுகளைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஒருவழிக்கு 30 பவுண்டுச் சீட்டைப் பார்த்துத் துள்ளிக் குதித்தேன். பிரிட்டனில் வேலை செய்யும் உரிமை இருந்தாலும் இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா (ஸ்பெயின் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) வேண்டும் என்பதும், 2024 ஜூனிலிருந்து அதன் கட்டணம் 90 யூரோ என்பதும் பிறகுதான் தெரிந்தது. உடன் வேலை பார்த்த வெள்ளைக்காரத் தோழிக்கு மலிவாக இருந்த சீட்டு எனக்கு மலிவாக இல்லை. விசா நேர்காணலுக்குத் தேதி கிடைப்பதற்குள் அந்தக் கட்டணமும் போய்விட்டது. அந்த ஆண்டு கடலுக்குப் போகாமல் ஊருக்கு வந்து, பிள்ளையார் நோன்புக்கு இழை (மாவில் திரி வைத்து ஏற்றிய பிரசாதம்) எடுத்துக்கொண்டேன்.

ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். பேரன் பெயரால் சிக்கல் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் அண்ணன் மகனுக்கு அப்பச்சி பெயர்தான். வரும் ஜனவரியில் இருவரும் சேர்ந்து பயணம் போகிறார்கள். என்ன நடந்தது?

காரைக்குடியிலிருந்து மீண்டும்:

பள்ளத்தூர் ஆச்சி கேட்டது நல்ல கேள்வி. நம் வழக்கப்படி பேரனுக்கு என் பெயர். மகனுக்கு என் அப்பச்சி பெயர். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் எனக்கும் பேரனுக்கும் அவரவர் தந்தை பெயர் இருப்பதால், முதல் பெயரும் குடும்பப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகிவிட்டன. ஒரே ஆளுக்கு இரண்டு முறை பதிவு செய்கிறேன் என்று எண்ணி, இணையதளம் மூன்று முறை மறுத்துவிட்டது. நிறுவனத்தின் தொலைபேசி எண்ணை அழைத்து, இருவருடைய பிறந்த தேதியையும் சொல்லி, பேரன் பெயருக்கு முன்னால் சிறுவருக்கான 'மாஸ்டர்' என்ற பட்டத்தைச் சேர்க்கச் சொன்னேன். அரை மணி நேரம் காத்திருக்க வைத்துவிட்டு முடித்துக் கொடுத்தார்கள். உங்கள் அப்பச்சிக்கும் அண்ணன் மகனுக்கும் முதலிலேயே தொலைபேசியில் பதிவு செய்துவிடுங்கள். பதிவானதும் இருவருக்கும் தனித்தனிச் சீட்டு எண் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

விமானத்தில் ஏறும் வாசலிலும் ஒரு வேடிக்கை நடந்தது. என் ஏறுசீட்டு ஒளிவருடியில் பச்சை காட்டியது. அடுத்து பேரனுடையதை வைத்ததும் அங்கிருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, இந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று கேட்டாள். பேரன் கையைத் தூக்கினான். நானும் தூக்கினேன். அவள் இரண்டு கடவுச்சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஏறுசீட்டுகளை மாற்றிக் கொடுத்துவிட்டாள். நான் காசு கொடுத்து எடுத்திருந்த சன்னலோர இருக்கை அப்படித்தான் அவனுக்குப் போயிற்று.