பாலக்காடு பஸ்கள்: நேர் வண்டியா, மாறி ஏறுவதா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
பாலக்காட்டில் கே.எஸ்.ஆர்.டி.சி. (கேரள அரசு பஸ்) ஸ்டாண்ட் ஓரிடம், ஸ்டேடியம் ஸ்டாண்ட் வேறிடம், டவுன் ஸ்டாண்ட் இன்னோரிடம். ஜங்ஷன் ரயில் நிலையமோ ஊரைத் தாண்டி ஒலவக்கோட்டில். அதனால்தான் நம் பக்கத்து ஆட்கள் எல்லாரும் "எங்க ஊரிலிருந்து நேர் பஸ் விடுங்க" என்று கேட்கிறார்கள். இந்தக் கோரிக்கையை நான் எதிர்க்கிறேன்.

மாதிரிக்கு ஒரு கணக்கு. கொல்லங்கோடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் என்று நம் பக்கத்தில் நான்கு ஊர். ஒலவக்கோடு, மலம்புழா, கஞ்சிக்கோடு, மங்கரை என்று போகுமிடம் நான்கு. எல்லாவற்றுக்கும் நேர் வண்டி என்றால் 16 ரூட். கையில் 32 பஸ், போய்த் திரும்ப இரண்டு மணி நேரம் என்று வைத்தால் ஒவ்வொரு ரூட்டிலும் மணிக்கு ஒரு வண்டி. சராசரியாக அரை மணி நிற்கணும். அதே 32 வண்டியையும் நடுவில் ஒரே ஸ்டாண்டில் சந்திக்க விட்டால் ரூட் எட்டுதான், ஒரு ரூட்டுக்கு நான்கு வண்டி. தூரமும் பாதி, போய்த் திரும்ப ஒரு மணி நேரம். 15 நிமிடத்துக்கு ஒரு வண்டி வரும். இரண்டு இடத்தில் நின்றாலும் மொத்தக் காத்திருப்பு சராசரி 15 நிமிடம்.

சித்தூர் டீச்சர்:
காத்திருப்பு எல்லாம் ஒன்றல்ல தம்பி. எங்கள் தெருமுனையில் அரை மணி நிற்பேன். கடைக்காரருக்கு என்னைத் தெரியும். ராத்திரி எட்டரைக்குப் பாலக்காடு ஸ்டாண்டில் பத்து நிமிடம் நிற்பது அப்படியா? என் மாமியாருக்கு முழங்கால் தேய்மானம். ஒரு முறை படியேறவே இரண்டு பேர் பிடிக்கணும், வாசலில் நிற்கும் கிளி (கண்டக்டரின் உதவியாள்) விசில் அடித்துக்கொண்டே இருப்பார். ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளியை நடுவழியில் இறக்கி ஏற்றும் திட்டம் எனக்கு வேண்டாம். சராசரி என்கிறீர்கள். கடைசி வண்டியைத் தவறவிட்டவளுக்குச் சராசரி எதற்கு?

பழைய கண்டக்டர்:
டீச்சர் சொல்றது நெசம். இன்னொண்ணும் இருக்குங்க. கேரளாவுல ஆர்டினரி பஸ் மினிமம் சார்ஜ் 2022 மே மாசத்துலேர்ந்து பத்து ரூபாய். வண்டி மாறுனா ரெண்டாவது மினிமமும் குடுக்கணும். கூலிக்காரனுக்கு அது சின்னக் காசா?

அப்புறம், பாலக்காட்டுல ஓடுறது பெரும்பாலும் பிரைவேட் வண்டி. ஒவ்வொருத்தருக்கும் தனிப் பெர்மிட், தனி டைமிங், தனிக் கலெக்‌ஷன். முன்னாடி போற வண்டி ரெண்டு நிமிசம் லேட்டானா பின்னாடி வர்றவனோட சண்டை. அடுத்தவன் வண்டியில வர்ற பயணிக்காக எந்த முதலாளி தன் வண்டியை நிறுத்தி வைப்பாரு?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அண்ணா, நீங்கள் சொன்ன இரண்டும்தான் சரிசெய்ய வேண்டியவை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1965இல் தனித்தனி நிறுவனங்கள் ஒரே கூட்டமைப்பில் சேர்ந்தன. பயணிக்கு ஒரே டிக்கெட். வசூலை அவர்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். முதலாளிக்கு ஆள் எண்ணிக்கைக்குப் பதிலாக ஓடிய கிலோமீட்டருக்குப் பணம் கிடைத்தால் பின்னால் வருபவரோடு ஓட்டப்பந்தயம் எதற்கு?

டீச்சர், ராத்திரி ஸ்டாண்டில் தனியாக நிற்பதற்கும் வழி இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் 1982 முதல் ரயில்கள் மணிக்கு மணி அதே நிமிடத்தில் வருகின்றன. பஸ்கள் அதற்குச் சற்று முன் நிலையத்துக்கு வந்து, ரயிலில் வந்த ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும். இங்கும் எட்டு மணிக்கு மேல் எல்லா ரூட் வண்டியும் ஒன்றாக வந்து, ஐந்து நிமிடம் நின்று, ஒன்றாகப் புறப்படட்டும். யாரும் தனியாக நிற்க வேண்டாம்.

உக்கடம் பயணி:
கோயம்புத்தூரிலும் இதே பாடுதான்: உக்கடம், காந்திபுரம், சிங்காநல்லூர், ஜங்ஷன் எல்லாம் தனித்தனி. ஆனால் புது ஸ்டாண்ட் கட்டினால் தீரும் என்று நம்பாதீர்கள். சென்னையில் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை 2023 டிசம்பரில் திறந்தார்கள். பக்கத்து ரயில் நிலையம் அப்போது தயாராகவில்லை. பெட்டியும் பையுமாக ஜனங்கள் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். கொச்சி வைற்றிலாவில் பஸ், மெட்ரோ, படகு மூன்றும் அருகருகே இருப்பதைப் போய்ப் பாருங்கள்.

பாலக்காடு டவுன் ஸ்டேஷனை ஏன் யாரும் பேசவில்லை? அங்கிருந்து போகும் பொள்ளாச்சி ரயில் பாதையை அகலப்பாதைக்காக 2008இல் மூடி 2015இல் திறந்தார்கள். மீனாட்சிபுரம், முதலமடை, கொல்லங்கோடு, புதுநகரம் எல்லாம் அதில் இருக்கின்றன. தண்டவாளம் கிடக்கிறது, ரயில்தான் குறைவு. மணிக்கு ஒரு பாசஞ்சர் ஓடினால் சித்தூர் பஸ்களைப் புதுநகரத்தில் இணைக்கலாம்.

சித்தூர் டீச்சர்:
ஐந்து நிமிடம் எல்லாம் சேர்ந்து நிற்கும் என்பது நல்ல யோசனை, ஏற்கிறேன். ஆனால் செய்யும் வரிசையில் விடமாட்டேன். முதலில் ஒரே டிக்கெட். அடுத்து, கடைசி வண்டி காத்திருக்கும் என்று எழுத்தில் உறுதி. இரண்டும் நடைமுறைக்கு வரும்வரை ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரு நேர் வண்டியைக்கூட எடுக்கக் கூடாது. வைற்றிலா கொச்சிக்காரர்களுக்குக் கிடைத்தது. மெட்ரோ இல்லாத ஊருக்கு யார் செய்வார்கள்?

பழைய கண்டக்டர்:
டைமிங், பெர்மிட் எல்லாம் ஆர்.டி.ஏ.ங்கிற வட்டாரப் போக்குவரத்து ஆணையம் கையில, கலெக்டர்தான் தலைவர். டிக்கெட் விசயம் திருவனந்தபுரம் வரைக்கும் போகணும், நாளாகும். கடைசி வண்டிக்கு மட்டும் முதல்ல மனு குடுங்க. எந்தெந்த ரூட், எத்தனை மணிக்குன்னு நான் எழுதித் தர்றேன்.