மறுமொழி: பாலைத்துத்தியா, சுணைத்துத்தியா?

குழுவினருக்கு வணக்கம். ஸ்ஃபெரால்சியா அம்பிகுவா என்ற வட அமெரிக்கப் பாலைவனச் செடிக்கு நம் பட்டியலில் என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்ற இழைக்கு என் மறுமொழி இது. உங்கள் கருத்துகளை மேற்கோளாக இட்டு, கீழே பதில் தருகிறேன்.

> ஸ்ஃபெரால்சியா அம்பிகுவா: "பாலைச் செம்பருத்தி" என்று வைத்துவிடலாமே, எல்லோருக்கும் தெரிந்த பூ.

தெரிந்த பூதான், ஐயா, உறவுமுறைதான் தப்பு. செம்பருத்தியின் நடுத்தண்டில் மகரந்தப் பைகள் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். இந்தச் செடியிலோ அவை குழாயின் நுனியில் குஞ்சமாகக் கூடி நிற்கின்றன, நம் ஊர்த் துத்தியைப் போலவே. காயும் அப்படித்தான். செம்பருத்தி, வெண்டை, பருத்தி மூன்றும் வெடிக்கும் காய்கள். இதன் காய், உரித்த ஆரஞ்சுபோல வட்டமாக அடுக்கிய சுளைகளாகப் பிரியும். ஆகவே அடிச்சொல் துத்திதான். இதில் நான் இறங்கி வருவதாக இல்லை.

> அப்படியானால் பாலைத்துத்தி.

நேற்றுவரை நானும் அந்தக் கட்சிதான். ஆனால் செடிப்பெயருக்குள் "பாலை" வந்தால் நம் காதில் வேறு பொருள் விழுகிறது. வெட்பாலை, ஏழிலைப்பாலை எல்லாம் கிள்ளினால் பால் வடிபவை. இதில் ஒரு சொட்டுப் பாலும் கிடையாது. "மணல்துத்தி"யும் வேண்டாம். மொஹாவி, சொனோரா பாலைவனங்களில் இது சரளைக்கல் சரிவிலும் வறண்ட ஓடைப்படுகையிலும்தான் அதிகம் தென்படுகிறது.

> ஆங்கிலத்தில் ஏப்ரிகாட் மேலோ என்றும் சொல்கிறார்கள். "சர்க்கரை பாதாமித் துத்தி"?

பல்லில் சிக்குகிறது, அம்மா. பெரும்பாலான பூக்கள் அசல் கனகாம்பர நிறம். பாதாமியைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. ஆனால் இளஞ்சிவப்பிலும் வெளிர் ஊதாவிலும் பூக்கும் செடிகளும் உண்டு. நிறத்தை நம்பிப் பெயர் வைத்தால் அவை கோபித்துக்கொள்ளும்.

என் பரிந்துரை: சுணைத்துத்தி.

இங்கே அரிசோனாவில் என் வேலியோரம் ஒரு செடி நிற்கிறது, இடுப்பளவு உயரம். மார்ச் மாதம் காய்ந்த கிளைகளை ஒடித்துவிட்டு, யோசிக்காமல் கண்ணைக் கசக்கினேன். அன்று மாலைவரை கண் உறுத்தியது. பிறகு ஒரு இலையை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். சாம்பல் பூத்ததுபோல் தெரிந்ததெல்லாம் நட்சத்திர வடிவ மயிர்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. வெயிலைத் திருப்பியனுப்பவும் ஈரத்தைக் காக்கவும் செடிக்கு உதவும் போர்வை அது. மெக்சிகோக்காரர்கள் இதற்கு "மால் தே ஓஹோ", அதாவது கண்நோய் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கரும்புத் தோகையில் கை வைத்தவருக்குச் சுணை என்றால் என்னவென்று விளக்கவும் வேண்டாம்.

> துத்தி இலையிலும் மயிர் உண்டே?

உண்டு. ஆனால் அது வெல்வெட். மூலத்துக்கு வதக்கிக் கட்டுகிற இலை. உறவு துத்தி, குணம் சுணை. வேறுபாடு பெயரிலேயே வந்துவிடுகிறது.

இனி, இந்தப் பெயர் பேரினம் முழுமைக்குமா, அதில் அடங்கும் இந்த ஒரு சிற்றினத்துக்கு மட்டுமா என்ற சிக்கல். ஸ்ஃபெரால்சியா என்ற பேரினப் பெயரில் கிரேக்க மொழியின் "உருண்டை" ஒளிந்திருக்கிறது, காயின் வடிவத்தால். அதை அப்படியே பெயர்த்து "உருண்டைத்துத்தி" என்றால் எனக்குப் பொரிவிளங்காய் நினைவுக்கு வருகிறது. பேரினத்துக்கே சுணைத்துத்தி இருக்கட்டும். சிற்றினத்துக்கு அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரே இட்ட "அம்பிகுவா" என்பதற்கு ஐயத்துக்குரியது என்று பொருள். இந்த இழையைப் பார்த்தால் பொருத்தம்தான்; ஆனாலும் "ஐயச் சுணைத்துத்தி" யார் வாயிலும் நிற்காது. "பாலைவனச் சுணைத்துத்தி" என்கிறேன். "வனம்" சேர்ந்ததால் பால் குழப்பமும் தீர்ந்தது.

ஞாயிறுக்குள் மறுப்பு வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். வல்லினம் மிகும் இடங்களை யாராவது ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.